கடைசி அத்தியாயம் படிக்காதவரின் கோடைச் சிபாரிசு

அன்பு மருமகளுக்கு,

காகிதத்தில் முன்னூறு கொலை செய்துவிட்டு, வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறி நிற்கும் உன் மாமா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் கடிதம்.

ஒரு வார இதழில், கோடை விடுமுறையில் படிக்க ஐந்து புத்தகங்களைச் சிபாரிசு செய்யச் சொன்னார்கள். துப்பறியும் நாவல் உலகின் சக்கரவர்த்தி வாய் திறந்தால் புத்தகக் கடைகளில் தள்ளுமுள்ளு நடக்கும், போலீஸ் வந்துதான் கூட்டத்தைக் கலைக்கும் என்பது நீ அறிந்ததே. எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆள் வாங்கினார். அந்த ஒரு ஆளால்தான் இப்போது எனக்குத் தலை சுற்றுகிறது.

பிறர் எழுதிய துப்பறியும் நாவல்களில் நான் கடைசி அத்தியாயத்தைத் தொடுவதில்லை. படித்தால் அந்த முடிவு என் பேனாவுக்குள் புகுந்துவிடும். உன் அத்தை கடைசிப் பக்கங்களுக்குத் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிய பிறகே புத்தகத்தை என் கையில் கொடுப்பாள். சிபாரிசில் மூன்றாவது புத்தகத்தையும் அப்படித்தான் படித்தேன். ஆஸ்பத்திரிக் கதை. அதில் தங்கமான ஒரு சர்ஜன், நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசவே ஆரம்பிப்பார். நான் உருகிப்போய், "உடம்பு சரியில்லாதவர்கள் அவசியம் படிக்கவும், தைரியம் பிறக்கும்" என்று எழுதிவிட்டேன்.

எல்லாரையும் கொன்றது அந்தச் சர்ஜன்தானாம். அதுவும் ஆபரேஷன் மேஜையிலேயே.

எனக்கு இதைச் சொன்னது உன் அம்மா. வாங்கிய அந்த ஒரே ஆள் அவள்தான். "ஏண்டா, படிச்சுட்டுத்தானே எழுதுன? இல்ல, எனக்கு ஏதாவது சொல்ல வர்றியா?" என்று கேட்டாள்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று உனக்குப் புரியாது. உன்னிடம் லேசான படபடப்பு, மாத்திரை போதும் என்று சொல்லியிருப்பாள். என்னிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். அதை இந்த வரியோடு உடைக்கிறேன். இதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டுமாம். அடுத்த மாத ஆரம்பத்தில் நாள் குறித்திருக்கிறார்கள்.

டாக்டரிடம் அவளோடு நானும் போனேன். அந்த மனிதர் முதல் காரியமாக அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்! அக்கா மேஜைக்கடியில் என் காலை மிதித்த மிதியில் எனக்கே ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கும். "பாத்தியா, கையப் புடிக்கிறாரு" என்று வெளியே வந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் டாக்டர் சொன்னது காதில் ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. செய்தால் ஆபத்து கொஞ்சம் உண்டு. செய்யாவிட்டால் ஒரு வருஷம் தாங்குவதே கஷ்டமாம்.

அவள் புத்தகத்தைப் பார்த்துத்தான் பயந்தாள் என்று நினைத்தேன். அந்த ஆசிரியரைத் திட்டி, கதையைக் கிழித்துப் போட்டால் சரியாகிவிடும் என்று அவள் வீடு வரும்வரை பிரசங்கம் செய்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அது கதைன்னு எனக்குத் தெரியாதாடா? அத விடு. நீ சொல்லு. பண்ணிக்கட்டுமா? நீ சொன்னா பண்ணிக்கிறேன்."

எனக்கு அவசரமாக எங்கோ போக வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். எங்கே என்று யோசித்துக்கொண்டே மூன்று தெரு நடந்தேன்.

அப்போதிலிருந்து காலையில் எழுந்தால் பண்ணிக்கொள் என்று சொல்லத் தோன்றுகிறது. பல் தேய்த்து முடிப்பதற்குள் வேண்டாம் என்று தோன்றுகிறது. உன் அத்தையைக் கேட்டால், "உங்க அக்கா உங்களத்தானே கேட்டாங்க" என்கிறாள். நேற்று நாலு முறை போன் வந்தது, அக்காதான். நான் எடுக்கவில்லை.

கண்ணு, உனக்கு லீவு கிடைக்குமா? கிடைக்காவிட்டாலும் வா. எதுவும் தெரியாததுபோல வந்து அவள் பக்கத்தில் உட்கார். அவளே விஷயத்தைச் சொன்னதும், நாம் இருவரும் சேர்ந்து பண்ணிக்கொள் என்ற ஒரே வார்த்தையைச் சொல்வோம். நான் மட்டும் சொல்லி, அவள் அந்த ஆபரேஷன் அறைக் கதவுக்குள் போய்விட்டால், வெளியே பெஞ்சில் என்னால் தனியாக உட்கார முடியாது.

நூறு வருஷம் நீ நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் கிளம்பு.

உன் மாமா