வியாழக்கிழமைகளில் வேலைக்குப் போகும் லேஞ்சி

அன்புள்ள இஞ்சாருங்கோ,

உங்களை நான் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கடிதத்தின் தலையில் பெயரை எழுதினால், வேறு யாருக்கோ என்று மடித்து வைத்துவிடுவீர்கள். அதனால் கூப்பிட்டபடியே எழுதுகிறேன்.

புருசெத் அடுக்குமாடியில் எல்லோரும் சுகம். லிப்டை ஒருவழியாகத் திருத்திவிட்டார்கள். உங்கள் லேஞ்சிகளை, அந்தக் கைக்குட்டைகள் அத்தனையையும், இன்னமும் தோய்த்து, ஸ்திரிக்கை போட்டு, நாலாக மடித்து வைக்கிறேன். "பாவிக்காத லேஞ்சியை ஏனம்மா தோய்க்கிறீங்கள்?" என்று எங்கள் மகள் வசந்தி கேட்பாள். மடிப்பில் மஞ்சள் பிடிக்கும் என்பேன். நான் படித்த கொன்வென்டில் மதர்மார் எங்களுக்கு அப்படித்தான் பழக்கினார்கள். இப்போது அவள் கேட்பதில்லை. அந்த லேஞ்சிகளில் ஒன்று வேலைக்குப் போகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வசந்தி உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கும் யூத முதியோர் இல்லம் உங்களுக்குத் தெரியும். ஒருமுறை அவளை ஏற்றப் போய்க் காருக்குள்ளேயே இருந்தீர்கள். அங்கே ஒரு நல்ல பியானோ சும்மா கிடக்கிறதென்று இந்த வசந்தகாலத்தில் சொன்னாள். வியாழன் பின்னேரங்களில் வந்து, கொன்வென்டில் நான் பழகியதை வாசிக்கச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பொழுதுபட்டால் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். பிறகு வாத்தியம் தொட மாட்டார்கள்.

நீங்கள் போன துக்க வருடத்தில் போகலாமா என்று நானும் யோசித்தேன். பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி எனக்காகக் கூடுதலாகவே யோசித்தா. டி-பானே ரயிலில் எனக்கு முன்னால் இருந்துகொண்டு, நாலு பேருக்குக் கேட்கத் தொடங்கினா.

"ஞானமக்கா, வருசம் திரும்பேல்லை, ஆட்டைத் திவசம் முடியேல்லை. அதுக்குள்ளை பியானோவாம்."

"நான் கலியாண வீட்டிலை வாசிக்கேல்லைப் பிள்ளை. கால் வழங்காத ஆக்களுக்கு வாசிக்கிறன். உமக்கும் வழங்காமப் போனா வாரும், வாசிச்சு விடுறன்."

ட்வெய்ட்டா ஸ்டேசன் வந்ததும் அவ அடுத்த பெட்டிக்கு மாறினா.

முதல் நாள் வடை சுட்டுக்கொண்டு போனேன். வாசலிலேயே மரியாதையாகத் தடுத்தார்கள். வெளிச்சாப்பாடு அந்தக் குசினிக்குள் போகக்கூடாது. இறைச்சிக்கும் பாலுக்கும்கூட அங்கே வேறு வேறு சட்டிபானை. எனக்குக் கோபம் வரவில்லை. உங்கள் அம்மாவின் குசினியில் குப்பை கொட்டியவளுக்கு ஆசாரம் புதிதா?

அங்கே இசாக் என்று ஒரு பெரியவர். உலகப் போருக்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்தவர். எங்கேயிருந்து என்று நான் கேட்கவில்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை. குளிர்காலத்தில் விழுந்து கால் முறிந்திருந்தது. எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் மனிதர் எழும்ப மறுத்தார். வசந்தி சிடியில் பாட்டைப் போட்டு, "ஒன்று, இரண்டு" என்று எண்ணுவாள். "நான் பட்டாளத்திலை இல்லை" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"கோடைக்குள்ளை எழும்பி நடக்காட்டி இனிக் கட்டில்தான் அம்மா" என்றாள் வசந்தி. "டொக்டர் சொல்லிப்போட்டார்."

நான் அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரைக் கையில் தாளம் போட்டார், பாட்டு முந்திப் போனது, விரல் நின்றுவிட்டது. "சிடி அவருக்காக நிக்காது. நான் நிப்பன்" என்றேன்.

ஆனால் என் விரல்களுக்கு அது தெரிய வேண்டுமே. அவர்களுடைய மெட்டுகளுக்குச் சொற்களே இல்லை. மெல்லத் தொடங்கி, பிறகு சூடேறும். அவர்கள் முணுமுணுக்க, நான் காதால் பிடித்து வாசித்தேன், கொன்வென்டுப் பழக்கத்தில், ஒரு மயிரிழை பிசகாத வேகத்தில். இசாக் கை உயர்த்தினார். "மிஸிஸ் ஞானம், நீங்கள் என்ன ரயிலா? நாங்கள் இன்னும் ஸ்டேசனிலை நிக்கிறம்."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது உங்கள் மகள்.

அடுத்த வியாழன் என் கைகளைப் பார்க்காமல் அவருடைய சப்பாத்தைப் பார்த்து வாசித்தேன். அரங்கேற்றங்களில் நட்டுவாங்கம் செய்பவர் காலையே பார்த்திருப்பாரே, அப்படி. சப்பாத்து அசைந்தால் சுரம், அசையாவிட்டால் காத்திருப்பு. அன்றைக்குத்தான் அவர், "சரி, எழும்புறன். ஆனா பயிற்சி இல்லை. ஆடுறதெண்டா ஆடுவம்" என்றார்.

வசந்தி கையை நீட்டினாள். அவர் தன் கையை இழுத்துக்கொண்டார். வைத்தியத்துக்குத் தொடுவது வேறு, ஆட்டத்துக்குத் தொடுவது வேறு. அவர் வளர்ந்த வீட்டில் பிற பெண்ணின் கையைப் பிடித்து ஆட மாட்டார்களாம். கலியாணத்தில் மணப்பெண்ணோடு ஆடினாலும் ஒரு துணியின் இரண்டு நுனியைத்தான் பிடிப்பார்களாம். வசந்தி ஓடிப்போய்ச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கடதாசித் துடைப்பானைக் கொண்டுவந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. கைப்பையைத் திறந்தேன். அதற்குள் யாருடைய லேஞ்சி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் அதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். "ஆருடையது?"

"என்ரை மனுசன்ரை."

"கோவிக்க மாட்டாரோ?"

"சபையிலை என்ரை கையைக்கூட அவர் பிடிச்சதில்லை. உங்கடை முறையைக் கேட்டிருந்தா, தான்தான் கண்டுபிடிச்சதெண்டு சொல்லியிருப்பார்."

அன்று அவர் எழும்பினார். ஒரு நுனி அவரிடம், மறு நுனி வசந்தியிடம், பின்னால் சில்லுப் பூட்டிய நடைவண்டி. கிழமைக்குக் கிழமை தூரம் கூடியது. மற்றவர்கள் கதிரைகளில் இருந்தபடியே தோளாலும் கையாலும் ஆடினார்கள்.

பிறகு ஒரு வியாழன் வசந்திக்குக் காய்ச்சல். உதவிக்கு வந்த பையன் இசாக்கின் பின்னால் நின்றான். இசாக் லேஞ்சியை என் பக்கம் நீட்டினார்.

"இண்டைக்கு மற்ற நுனி உங்கடை."

"அப்ப ஆர் வாசிக்கிறது?"

"நாங்கள் வாயாலை வாசிப்பம்."

எனக்கு இன்னும் வருடம் திரும்பவில்லை என்றேன். அவர் அதை இலேசாக எடுக்கவில்லை. தாய் தகப்பனுக்கு ஒரு வருடம் பாட்டைத் தவிர்ப்பார்களாம். மனைவிக்கு, கணவனுக்கு, முப்பது நாள். "முப்பது நாள் காணாதெண்டு என்ரை மனுசி சண்டைக்கு வந்திருப்பா" என்றார். "ஆனா என்னைக் கதிரையிலை இருத்தி வைக்கச் சொல்லியிருக்க மாட்டா."

உங்களைத்தான் கேட்டேன். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? பேப்பரை விட்டுத் தலை நிமிராமல், "மதர், நேரம் போகுது" என்றிருப்பீர்கள். பியானோவை மூடிவிட்டு எழுந்தேன்.

ஒரு நுனியை அவர் பிடித்தார், மறு நுனியை நான். அவருடைய ஒவ்வொரு அடியும் துணி வழியாக என் விரலுக்கு வந்தது. துணி தளர்ந்தால் அவருக்குப் பிடி இல்லை, எனவே இறுக்கிப் பிடித்தேன். பெரியவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வேகம் என் கையில் இல்லை. அவருடைய கையிலும் இல்லை. யன்னல் வரை போனோம், திரும்பி வந்தோம். நீங்கள் இருந்திருந்தால், என்னோடு எழும்பியிருப்பீர்களா? அது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

போன வெள்ளி, மெழுகுதிரி ஏற்றும் மேசைக்கு இசாக் தடியை ஊன்றித் தானாகவே நடந்து போனாராம். வசந்தி போனில் சொன்னாள். கோடை இன்னும் பிறக்கவில்லை.

உங்கள் ஆட்டைத் திவசம் வியாழக்கிழமையில் வருகிறது. ஐயரை விடியவே வரச் சொல்லியிருக்கிறேன். பிந்தினால் அவர் இல்லாமலே தொடங்குவேன் என்றும் சொல்லியிருக்கிறேன். கத்தரிக்காய்ப் பால்கறி வைப்பேன். படத்துக்கு முன்னால் உங்கள் கண்ணாடி, பேனை, வேட்டி எல்லாம் இருக்கும். அந்த லேஞ்சியைத் தேட வேண்டாம். அது என் கைப்பையில் இருக்கும், பின்னேரம் அதற்கு வேலை. இசாக்குக்கு அது தேவைப்படாத நாளில், அடுத்து எழும்புகிறவரிடம் ஒரு நுனியைக் கொடுப்பேன். எத்தனை பேர் பிடித்துக் கசக்கினாலும் உங்களிடம் வரும்போது மடிப்புக் கலையாமல் கொண்டுவருவேன். இது என் வாக்கு.

நீங்கள் 'மதர்' என்று பகிடி பண்ணிய,
உங்கள் மனைவி,
ஞானம்