நல்ல கொன்ட்ரோலர் யாருடைய கையில்?

என் ஞாயிற்றுக்கிழமைகளின் எதிராளியே, அன்பு மச்சான் தவம்,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் ஒன்று அச்சடிக்கிறார்கள். உன் மனைவி சுகந்தி கடைக்கு வந்து, வெண்டிக்காயை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அண்ணை, எல்லாரும் அவர் அமைதியானவர், பொறுமையானவர் எண்டு எழுதித் தந்திருக்கினம். வாசிச்சா வேற ஆரோ செத்தமாதிரிக் கிடக்கு. நீங்களாவது உள்ளதை எழுதுங்கோ."

சரி, உள்ளதை எழுதுகிறேன். நீ அமைதியானவன் இல்லை. நம் ஞாயிறு கேமில் கோல் விழுந்தால் நீ போட்ட சத்தத்துக்கு என் கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா இரண்டு தரம் மாடி ஏறி வந்தார். முதல் தரம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்று கண்டிக்க வந்தார். இரண்டாம் தரம், இன்றைக்கு யார் வென்றது என்று கேட்க வந்தார்.

உள்ளது என்றால் என் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த முறை உன் படத்துக்கு முன்னால் போய் நிற்க என்னால் முடியாது.

நினைவிருக்கிறதா, அகதிகள் விடுதியில் நாங்கள் ஒரே அறையில் இருந்த காலம்? வேலை செய்ய அனுமதி இல்லை, பாஷை இல்லை, செய்வதற்கு ஒன்றுமே இல்லை. சனங்கள் வேண்டாத தளபாடங்களைத் தெருவோரம் வைக்கும் நாளில் ஒரு கதிரை தேடித்தான் போனோம். நீ கதிரையை விட்டுவிட்டு, ஒரு சாம்பல் நிற கேம் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாய். "இருக்கிறதுக்கு என்னடா செய்யிறது?" என்று கேட்டேன். "நிலம் கிடக்குத்தானே" என்றாய்.

அதில் இருந்தது ஒரேயொரு உதைபந்தாட்டக் கேம். தூசி ஊதி அந்தக் கேம் கட்டையைப் பெட்டியில் சொருகுவதற்கு நீ கன்னம் உப்பிக்கொண்டு நிற்பாய், சங்கு ஊதுகிறவன் மாதிரி. ஆட்டக்காரரின் பெயரை மாற்றலாம் என்று கண்டுபிடித்தவனும் நீதான். விடுதிக் காவலாளியின் பெயரைக் கோல் காப்பாளனுக்கு வைத்தாய். கேட்டால், "அந்தாள்தான் ஒண்டையும் உள்ளுக்கை விடாது" என்றாய். எங்களுடைய முதல் ஜெர்மன் பாடமும் அந்தக் கேம் ஓடிய தொலைக்காட்சித் திரைதான். நீ படித்த முதல் வசனம், 'நொக் ஐன்மால்', இன்னொரு தரம். அகதி விசாரணை முடிந்து அதிகாரி அம்மா கோப்பை மூடியதும், மரியாதையாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று சிரித்தபடி அதையே சொன்னாய். அவர் கோப்பைத் திறந்து முதல் கேள்வியிலிருந்து மறுபடியும் தொடங்கினார்.

பிறகு நீ ரேடியோ, தொலைக்காட்சி திருத்தும் வேலைக்குப் போனாய். நான் நொய்கெல்ன் பகுதியில் மரக்கறிக் கடை போட்டேன். கலியாணம், பிள்ளைகள், எல்லாம் வந்தது. ஞாயிறு பின்னேரம் மூன்று மணி மட்டும் மாறவில்லை. பிள்ளைகள் புது மெஷின் ஒன்று வாங்கித் தந்தார்கள். அது விளையாட்டைத் தொடங்க முதல் எதையோ இறக்குகிறேன், பொறு என்றது. நாங்கள் ஒரு பானை தேத்தண்ணீரைக் குடித்து முடித்தும் இறக்கிக்கொண்டே இருந்தது. "இது விளையாட்டில்லை மச்சான், இதுவும் ஒரு அலுவலகம்" என்று சொல்லிவிட்டு நீ பழைய பெட்டியின் வயரைத் தேடினாய்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். அந்தப் பெட்டியோடு வந்த கொன்ட்ரோலர்கள் இரண்டு. ஒன்று நல்லது. மற்றதில் கோலுக்கு அடிக்கும் பட்டன் ஒட்டும். நீ இப்போது அமத்தினால் அது தன் வசதிக்குத்தான் அடிக்கும். முதல் கிழமையே எனக்கு அது விளங்கிவிட்டது. காய் வெட்டும் கத்தியால் நல்லதின் அடியில் ஒரு சின்னக் கீறல் போட்டேன். அன்றிலிருந்து நீ வந்து இருக்க முதலே மற்றதை உன் கையில் தந்துவிடுவேன். "இந்தா, வந்தவனுக்குத்தான் முதல் மரியாதை." நீயும் இருபது வருடம் தோற்றுக்கொண்டே இருந்தாய்.

இதை வாசிக்கிற என் வாடிக்கையாளர்கள் பயப்பட வேண்டாம். மரக்கறியில் நான் அப்படிச் செய்கிறதில்லை.

கடைசி ஆறேழு வருடம்தான் உன் கை ஓங்கியது. நல்ல கொன்ட்ரோலர் என்னிடம் இருந்தும் நான் அடித்தது ஒன்றும் போகவில்லை. "வயது போகுது மச்சான்" என்றாய். நம்பினேன். மூன்று மாதம் காத்திருந்து எலும்பு வைத்தியரிடம் தெர்மின், அதுதான் சந்திக்கும் நேரம், எடுத்துப் பெருவிரலைக் காட்டினேன். மொழிபெயர்க்க நீதான் வந்தாய். என் விரலை அவர் மடக்கி நிமிர்த்தியபோது நீ யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். என் நண்பன் எனக்காகக் கலங்குகிறான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பூச்சு மருந்தையும் நீயே தடவிவிட்டாய்.

உன் முப்பத்தோராம் நாளில் சுகந்தி உனக்குப் பிடித்தது எல்லாம் சமைத்து வாழையிலையில் படைத்தாள். மரவள்ளிக் கிழங்கு, கத்தரிக்காய்ப் பொரியல், உழுந்து வடை. வடைக்குப் பக்கத்தில் நான் ஒரு கொன்ட்ரோலரை வைத்தேன். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"என்ன இது?"

"அவர் விரும்பினது, ஐயா."

"விரும்பினது எண்டால் சாப்பாட்டுச் சாமான், தம்பி."

"சாப்பாட்டை விட்டிட்டு இதைத்தான் பிடிச்சுக்கொண்டு இருக்கிறவர்" என்றாள் சுகந்தி, உள்ளே இருந்து.

ஐயர் குனிந்து பார்த்தார். "சரி. மற்றது எங்கை? தனிய ஒராள் என்னெண்டு விளையாடுறது?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் இலையில் நான் வைத்தது கீறல் இல்லாததை. செத்த பிறகும் உனக்கு நான் பழுதானதைத்தான் தந்தேன், தவம். நினைத்துச் செய்யவில்லை. கை தன் பழக்கத்தில் செய்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் நான் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. அதை வாங்கக் கேட்டு வந்த ஒரு ஜெர்மன் பெடியனுக்கும் இல்லை என்றுவிட்டேன். விற்கமாட்டேன் என்று நான் சொன்னதைக் கேட்டு என் மனைவி என் நெற்றியில் கை வைத்துச் சூடு பார்த்தாள்.

போன கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தத் திவசத்துக்கு இலையில் நல்லதை வைப்பது. துடைத்துத்தான் வைக்கவேண்டும் என்று கீறல் போட்டதைக் கழற்றினேன். மூடியின் உள்பக்கத்தில் ஒரு ஒட்டுத்தாள். உன் கோழிக்கிறுக்கல் எழுத்து:

"செல்வம், இப்ப பழுதானது இதுக்குள்ளைதான். எப்ப திறந்து பாப்பாய்?"

நான் மாம்பழப் பெட்டி வாங்கினால் அடித்தட்டு வரைக்கும் கொட்டிப் பார்க்கிறவன். அரிசி மூட்டையைத் தூக்கியே ஈரம் சொல்கிறவன். அந்தக் கீறலை நம்பி இதை ஒருநாளும் திறக்கவில்லை. நான் மூன்று கிழமை ஊருக்குப் போனபோது, "தா, துப்புரவாக்கி வைக்கிறன்" என்று இரண்டையும் வாங்கிப் போனாயே, அப்போதுதானே உள்ளே இருந்ததை மாற்றினாய்? என் கீறலை எப்போது கண்டாய்? எத்தனை வருடம் கண்டும் பேசாமல் இருந்தாய்?

சுகந்திக்கு உடனே போன் எடுத்தேன். "தங்கச்சி, அவன் என்ன செய்திருக்கிறான் தெரியுமே?"

அவள் சிரித்தாள் பார், உன் சாவுக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. "திறந்திட்டியளே அண்ணை! ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கையும் நான் கேட்டனான், சொல்லட்டோ எண்டு. வேண்டாம், அவன் தானாத் திறக்கட்டும், அண்டைக்கு அவனுக்கு என்ரை ஞாபகம் வரும் எண்டவர்."

"ஞாபகம் வராமல் இருந்தாத்தானே" என்றேன். அவள் கேட்டாள்: "அப்ப உங்கடை விரலுக்கு ஒண்டுமில்லையே அண்ணை?"

ஆகவே, மச்சான், கணக்கு இப்படி ஆகிறது. முப்பத்தோராம் நாள் இலையில் பழுதானதை வைத்துவிட்டேன் என்று நொந்தேனே, அது நல்லது. என் கள்ளத்தை உன் கள்ளம் திருத்திவிட்டது. அந்த நல்லது சுகந்தியின் கண்ணாடி அலுமாரியில், உன் படத்துக்குக் கீழே இருக்கிறது.

திவசத்துக்கு அடுத்த ஞாயிறு மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன். சுகந்தி விளையாடப் பழகவேண்டும் என்கிறாள். ஐயரும் வருகிறாராம், தான் சும்மா பார்க்கத்தான் என்கிறார், எனக்கு நம்பிக்கை இல்லை. யார் வந்து எதிரில் இருந்தாலும் உன் கொன்ட்ரோலர்தான் அவர்கள் கையில். கீறல் போட்டது இனி எனக்கு. அதை ஒருநாளும் திருத்தமாட்டேன், இது உறுதி. தோற்றால் வயது போகிறது என்று சொல்லவும் மாட்டேன்.

உன் ஒட்டுத்தாளும் அதற்குள்ளேயே இருக்கிறது. கீழே ஒரு வரி மட்டும் எழுதி மூடிவிட்டேன்: "திறந்தனான். நொக் ஐன்மால்."

பெருவிரலில் ஒரு குறையும் இல்லாத,
உன் மச்சான்
செல்வம்