நாம் கைதட்டிய காட்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். அவளுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மாடிப்படி ஏறும்போதெல்லாம் படியைத் திட்டுகிறாள், இறங்கும்போது என்னைத் திட்டுகிறாள். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே? பெரியவளுக்கு வேலை நிரந்தரமானதில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. போனிலேயே பேசிவிடலாமே என்றாள் அண்ணி. போனில் பேசினால் வழக்கம்போல ஏதாவது ஜோக் அடித்துவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் ஊர் அரங்கத்தில் நம் படத்தைப் போட்டார்கள் என்று எழுதியிருந்தாய். பக்கத்து வீட்டு அம்மாவையும் ஆசையாகக் கூட்டிக்கொண்டு போனாயாம். இன்ஸ்பெக்டர் திருடனை அறைக்குள் வைத்து அடித்து உண்மையை வரவழைக்கும் இடத்தில் அரங்கமே உறைந்துபோய் உட்கார்ந்திருந்ததாம். வெளியே வந்ததும் அந்த அம்மா, "உங்க நாட்டுல இந்த சீனுக்கு ஜனங்க கைதட்டுவாங்களா?" என்று கேட்டாளாம். நம் காவல் நிலையங்களில் அந்தக் காலத்தில் நடந்த சித்திரவதைகளைப் பற்றிய விசாரணைக் கமிஷனின் முதல் அறிக்கை அங்கேயும் செய்தியில் வந்திருக்கிறதே, கேட்கத்தான் செய்வார்கள். கடிதத்தின் கடைசியில் என்னிடம் ஒரு கேள்வி வேறு: "அண்ணா, படம் மாறிடுச்சா, நாம மாறிட்டோமா?"

நேராகப் பதில் சொல்லத் தெரியவில்லை. சுற்றி வளைத்துத்தான் வருகிறேன், பொறுத்துக்கொள்.

அந்தப் படத்துக்கு நான் பின்னணிச் சத்தங்கள் செய்து கொடுத்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் ரெக்கார்டிங் இன்ஜினியர், இந்தப் பக்கம் நான், என்னைச் சுற்றி ஒரு காயலான் கடையே இருக்கும். சிகரெட் பெட்டியின் கண்ணாடித் தாளைக் கசக்கி நெருப்பு எரிய வைப்பேன். தகரத் தட்டில் அரிசியைச் சரித்து மழை பெய்ய வைப்பேன். கதாநாயகன் கொடுக்கும் முத்தம் என் மணிக்கட்டில் நானே கொடுத்துக்கொண்டது என்று தெரிந்து, நீ ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாய். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஒரு மதியம், கதாநாயகியின் நடைச் சத்தத்துக்கு ஆள் வரவில்லை என்று உன்னையே குதிகால் செருப்பு மாட்டி நடக்க வைத்தேன். இரண்டு அளவு பெரிய செருப்பு. உள்ளே பஞ்சு திணித்துக்கொண்டு, விழுந்துவிடாமல் நடந்தாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அழுதுகொண்டே நடந்து போகிறாளே, அது உன் கால்தான். அந்த இடம் வரும்போதெல்லாம் வீட்டில் எல்லோரும் உன் காலைப் பார்ப்போம். அப்பா ஒருமுறை தியேட்டரிலேயே எழுந்து நின்று, "நடக்குறது என் பொண்ணு!" என்று சொல்லி, பின்வரிசைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எவ்வளவு நல்ல நாட்கள் அவை! இப்போதும் அந்த அறைச் சுவர்களில் தொங்கிய கம்பளியின் வாசனை மூக்கில் இருக்கிறது.

அந்த அறையில் நடந்த இன்னொன்றை உனக்கு நான் சொன்னதில்லை. யாருக்குமே சொன்னதில்லை.

இன்ஸ்பெக்டர் காட்சிக்கு ஈரச் சாக்கில் பிரம்பால் அடித்துப் பதிவு செய்தேன். டைரக்டருக்குத் திருப்தியில்லை. நிஜம்போல இல்லை என்றார். மறுநாள் பெரிய காவல் நிலையத்தின் இன்ஸ்பெக்டரையே கூட்டி வந்துவிட்டார். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. எனக்குக் கைகொடுத்து, என் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "தம்பி, இது சண்டையில விழுற அடி. எங்க ரூம்ல இப்படி இருக்காது. மாட்டினவன் திமிற முடியாதுல்ல? சத்தம் பரவாது, மொத்துனு உள்ள இறங்கும்," என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, பிரம்பை வாங்கி அதே சாக்கில் அவரே அடித்துக் காட்டினார். பதினோரு அடி. ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. நாங்கள் பதிவு செய்தோம். முடிந்ததும் அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். டீ வரவழைத்துக் குடித்தோம்.

படத்தில் இருப்பது அந்தப் பதினோரு அடிதான், தங்கச்சி. ஊரெல்லாம் விசில் பறந்தது. திரும்பப் போடு என்று நாற்காலியைத் தட்டினார்கள். அந்த வருடம் எனக்கு விருது கிடைத்தது. ஒரு மனிதருக்கு இந்தச் சத்தம் இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை என்று எழுதத்தான் ஆசை. அது பொய். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் யோசித்தேன். திருடனைத்தானே அடிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். நன்றாகப் பசித்தது, சாப்பிட்டேன்.

இரண்டு வருடம் கழித்துதான் போலீஸ்காரர்கள் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், யாரோ அச்சடிக்கக் கொடுத்த ஓர் அரசு எதிர்ப்பு நோட்டீசில் ஒற்றெழுத்துச் சரிபார்த்ததைத் தவிர என்ன செய்தார்? ஐந்து நாள். திரும்பி வந்தபோது சட்டைப் பட்டனை நீதான் போட்டுவிட்டாய். வழுக்கி விழுந்துவிட்டேன் என்றார். நாங்களும் தலையாட்டினோம். உன் அண்ணி எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள்.

நான்தான் அவரைச் சிரிக்க வைக்கிறேன் பேர்வழி என்று கிளம்பினேன். நம் படம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. நீ சளியில் படுத்திருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் போனோம். அந்தக் காட்சி வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். நான் காட்சி முடியும்வரை உட்கார்ந்திருந்து, கைதட்டலைக் கேட்டுவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். மாடிப்படியில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்ன மாப்பிள்ளை, என் சத்தம் அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரொம்ப நல்லா இருக்கு மச்சான்," என்றார்.

அவரைக் கொண்டுபோனது அந்த இன்ஸ்பெக்டரின் நிலையத்துக்குத்தான். அடித்தது அதே கைதானா என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்த வருடம் நீங்கள் நாட்டை விட்டே போனபோது, நல்ல சம்பளம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னோம்.

போன மாதம், படம் வந்து நாற்பது வருடம் என்று இங்கே பெரிய தியேட்டரில் விழா எடுத்தார்கள். பழைய ஆட்களில் உயிரோடு இருப்பது நாலைந்து பேர்தான். என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குக் கிளம்புகிறவன் மாதிரி போனேன். உன் நடை வந்தபோது அண்ணி என் கையை அழுத்தினாள். அப்பா எழுந்து நின்றது எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் வந்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

பிறகு அந்தக் காட்சி. அறிக்கை பத்திரிகைகளில் வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு விசில் இல்லை, ஒரு இருமல்கூட இல்லை. பதினோரு அடியும் தனித்தனியாகக் கேட்டன. நான் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு பெண், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பாவின் காதுகளை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். என் வயதுதான் இருக்கும்.

படம் முடிந்ததும் தியேட்டர்காரர் வந்து, "நாளையிலிருந்து அந்த சீனை மட்டும் தூக்கிடட்டுமாண்ணே? ஜனங்க சங்கடப்படுறாங்க," என்றார். "தூக்காதீங்க, படட்டும். அன்னைக்கு நாங்க படாத சங்கடம் அது," என்றேன்.

மறுவாரம் கமிஷன் ஆபீசுக்குப் போனேன். அந்த இன்ஸ்பெக்டர் இன்னும் இருக்கிறார். பேரப்பிள்ளைகளோடு சௌகரியமாக இருக்கிறார். அறிக்கையில் அவர் பெயர் பதினாலு இடத்தில் வருகிறது. எல்லாவற்றையும் மறுக்கிறார். அவர் என்னிடம் சொன்னதையும், செய்து காட்டியதையும் வாக்குமூலமாகக் கொடுத்தேன். எழுதிக்கொண்ட குமாஸ்தா, நான் பாதிக்கப்பட்டவனா சாட்சியா என்று கேட்டார். "கைதட்டினவன்," என்றேன். அப்படி ஒரு கட்டம் படிவத்தில் இல்லை என்று சொல்லி, சாட்சி என்று போட்டுக்கொண்டார்.

படம் மாறவில்லை, தங்கச்சி. ஒரு பிரேம்கூட மாறவில்லை. நாம் மாறியிருக்கிறோமா என்றால், மாப்பிள்ளை மாதிரி ஆட்கள் அன்றைக்கே பார்த்த படத்தை நாற்பது வருடம் தாமதமாக இப்போதுதான் பார்க்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்காக, நீ நடந்த இடத்தைப் பார்த்து நான் சந்தோஷப்படக்கூடாது என்றும் ஆகிவிடுமா? தெரியவில்லை. அந்த மதியத்தை மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களும் கமிஷனுக்கு எழுதலாம் என்கிறார்கள். மாப்பிள்ளை எழுதவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். காட்டினால், படிக்கட்டில் நான் கேட்ட அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல். அன்றைக்கு நான் அவர் பக்கத்தில், அந்தப் படியிலேயே பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது அவ்வளவு தூரம் வந்து உட்கார, ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும்.

உங்கள் வீட்டுக் கதவை யார் எந்த நேரத்தில் தட்டினாலும், வந்திருப்பது விருந்தாளி என்று மட்டுமே உங்களுக்குத் தோன்றட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

என்றும் உன்,
அண்ணன்