திங்கட்கிழமைத் தண்ணீர்

இன்று காலை அலமாரியின் அடித்தட்டைத் துடைக்கும்போது அந்தத் துணிப் பை கையில் அகப்பட்டது. பச்சை இலை அச்சிட்ட பை. அதன் பிளாஸ்டிக் உறையை நான் இன்னும் பிரிக்கவே இல்லை. 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்று எழுதிய பையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி ஆளுக்கொன்றாக நீ கொடுத்துக்கொண்டு வந்தபோது, நான் உறையைச் சுட்டிக்காட்டிச் சிரித்தேன்.

"சிரி லா, சிரி. மொதல்ல பையப் பிரிச்சு மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போ. அப்புறமா சிரிக்கலாம்."

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கிள்ளானில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலை. நீ அலுவலகத்தில், நான் ஆய்வுக்கூடத்தில். வெளிநாட்டில் கையுறை வாங்குகிறவர்கள் சுற்றுச்சூழலைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். உடனே நம் நிர்வாகத்துக்கும் அக்கறை வந்துவிட்டது. வாசலில் பலகை வைத்தார்கள்: 'தூய நீர் எங்கள் பொறுப்பு.' பசுமை வாரத்தை நடத்தும் வேலை உன்னிடம் வந்தது. நீ அதை நம்பினாய். காகிதத்தின் இருபுறமும் தட்டச்சு செய்தாய். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆளில்லாத அறைகளில் ஏர்கோன் ஓடினால் நீயே போய் அணைத்தாய். எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது.

வாங்குகிறவர்கள் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்ததும், கழிவுநீரின் கடைசிக் குளத்தில் மீன் விடலாம் என்று மேனேஜர் யோசனை சொன்னார். மீன் நீந்தினால் தண்ணீர் சுத்தம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லையே. நீ பாசாரில் மீன் விற்பவரிடம் சொல்லிவைத்து இருபது திலாப்பியா மீன்களை உயிரோடு கொண்டுவந்து செவ்வாய்க்கிழமை விட்டாய். புதன் மாலைக்குள் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. வேறு மீன் வாங்கி, வருகிறவர்கள் வாசலுக்குள் நுழையும்போது விடச் சொன்னார் மேனேஜர்.

நீ பாசாருக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்தாய்.

"தண்ணி நல்லாருக்குன்னு மாசாமாசம் நீதானே ரிப்போர்ட் தர்ற? பின்ன மீன் ஏன் செத்துச்சு?"

நான் மாதிரி எடுக்கும் குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். எல்லாமே திங்கட்கிழமை, காலை எட்டு மணி. ஞாயிற்றுக்கிழமை இயந்திரங்கள் ஓடாது. ஒரு நாள் முழுக்கக் குளம் அசையாமல் கிடந்து, அழுக்கு அடியில் படிந்துவிடும். எனக்கு முன்பிருந்தவர் அப்படித்தான் எடுத்தார். நானும் அப்படியே எடுத்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. நான் வேதியியல் படித்தவள். இரண்டு ஆண்டுகளாகத் தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன்.

"பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணத்து ஆளுங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னால பத்து தடவ படிப்பாங்கன்னு எங்கப்பா சொல்வாரு. நீ ஒரு தடவகூட படிக்கலயா?"

உன் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் எங்கள் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களுக்குக் கீழே வேலை பார்த்தவர். எனக்குக் காது சுட்டது.

"படிச்சேன். வேலை போயிடும்," என்றேன்.

"எனக்கு மட்டும் இது சொந்தக் கம்பெனியா?" என்றாய். பிறகு குரலைத் தணித்தாய். "தூய நீர்னு அவங்களேதானே எழுதி மாட்டியிருக்காங்க. நீ பொய்னு சிரிக்கிற. நான் சொல்றேன், மாட்டினதக் காட்டிக் கேளு. மெஷின் ஓடறப்போ தண்ணி எடு. பயமா இருந்தா பாட்டில நான் புடிச்சிக்கிறேன்."

மறுநாள் மதியம், எல்லா இயந்திரங்களும் ஓடும் நேரத்தில், இருவரும் குளக்கரையில் நின்றோம். நீ பாட்டிலைப் பிடித்தாய். உன் செருப்பு சேற்றில் புதைந்தது. விடை எனக்கு முன்பே தெரிந்ததுதான். அதைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டேன். வருகிறவர்களுக்கான கோப்பில் திங்கட்கிழமை அறிக்கையின் பக்கத்திலேயே நீ அதைச் செருகினாய்.

வந்தவர்களில் ஒரு பெண்மணி இரண்டையும் நிதானமாகப் படித்தார். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்தக் கணத்தில் பொய் சொல்வது மிக எளிது. "திங்கட்கிழமை காலையில் இயந்திரங்கள் அப்போதுதான் ஓடத் தொடங்கும்," என்றேன். பிறகு அந்தப் பெண்மணி, சரிசெய்ய எத்தனை மாதம் வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டார். ஆறு மாதம் என்றார் அவர். குளத்தில் காற்றடிக்கும் கருவிகள் ஐந்தாவது மாதமே வந்து இறங்கின. மேனேஜர் என்னோடு முகம் கொடுத்துப் பேச ஓராண்டு ஆயிற்று. அவ்வளவுதான். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை.

அன்று, வந்தவர்கள் போனபின் நான் படியிறங்கினேன். நீ பின்னாலிருந்து, "வேலை போகல இல்ல? அப்ப நீதான் இன்னைக்கு சாப்பாடு வாங்கித் தரணும்," என்றாய்.

போன ஆண்டு நோய் உன்னைக் கொண்டுபோனது. மருத்துவமனையில் உன்னிடம் நன்றி சொல்லவேண்டும் என்று இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் நர்ஸுகளின் ஓவர்டைம் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். எனக்கு அப்படித்தான் வரும். உனக்கு அது தெரியும்.

இப்போது பெட்டாலிங் ஜெயாவில் வேறொரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். பசுமைப் பலகைகளை நான் இன்னும் நம்புவதில்லை. ஆனால் சிரித்துவிட்டு நகர்வதில்லை. கடைசி வரி வரை படிக்கிறேன், பிறகு போய்க் கேட்கிறேன். ஒவ்வோர் அறிக்கையிலும் என் கையெழுத்துக்கு மேலே, மாதிரி எடுத்த கிழமையையும் மணியையும் எழுதுகிறேன். படிவத்தில் அதற்கு இடம் கிடையாது. எழுதச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை. எழுதி முடித்ததும், பேனாவை மூடி வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறேன்.