ஆட்டத்தை மறைக்காத கேமரா

மார்ச் 2, சனி

ஒருவழியாகக் கேமரா வாங்கியாகிவிட்டது. மூன்று வாரமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. மலையேற்றக் குழுவில் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. போன இடத்துக்கெல்லாம் சாட்சி என் முழங்கால் சிராய்ப்பு மட்டும்தான். போனில் எடுக்கலாம் என்று போய் இரண்டு போனைப் பாறையில் போட்டு உடைத்தாயிற்று. மூன்றாவதையும் உடைத்தால் என்னையும் சேர்த்து அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் என் வீட்டுக்காரர்.

நாத்தனார் புது மாடல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு எனக்குத் துணை. “அண்ணி, புதுசுல ஓடிக்கிட்டே எடுத்தாக்கூட படம் ஆணியடிச்ச மாதிரி நிக்கும்” என்றாள். பழைய சாமான் விற்கும் கடைக்காரரும் அவள் பக்கம்தான். நான் எடுத்த கேமராவைக் காட்டிச் சொன்னார்: “இது ஏழெட்டு வருஷத்துப் பழசும்மா. கை ஆடினா ஆட்டம் அப்படியே தெரியும். பின்னாடி திரையும் கிடையாது. என்ன எடுக்கறோம்னு வீட்டுக்குப் போய்த்தான் பார்க்கணும்.”

“நான் என்ன ஆடிக்கிட்டா நடக்கறேன்?” என்றேன்.

எனக்கு அதன் தண்ணீர் புகாத வெளிக்கூடு பிடித்துப்போயிற்று. கெட்டியான பிளாஸ்டிக். கொக்கி டக்கென்று விழுகிறது. மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை நகத்தால் ஓட்டிப் பார்த்தேன், ஒரு வெடிப்பு இல்லை. பல் செட் செய்கிற லேபில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவளுக்கு எது எதில் சரியாக உட்காரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பொத்தான் பெரிது, கையுறையோடும் அழுத்தலாம். பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். புதியது சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. என் கையில் அது ஒரு வாரம் தாங்காது.

மார்ச் 3, ஞாயிறு

கேமராவை வெளியே எடுத்துவிட்டு வெறும் கூட்டுக்குள் காகிதக் கைக்குட்டை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் அமுக்கி வைத்தேன். பொட்டு ஈரம் இல்லை. நாத்தனாருக்கு போன் போட்டுச் சொன்னேன். “வாளிக்குள்ளதான் மலையேறப் போறீங்களா?” என்றாள். திமிர்.

மார்ச் 10, ஞாயிறு

ஏரிக்கரையிலிருந்து மேலே காற்றாடிக் கம்பம் வரை ஏறினோம். கேமரா இரண்டு தடவை கீழே விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். நடந்துகொண்டு எடுத்தது குலுங்கியது, அது போகட்டும். ஏரியை நான் பாறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எடுத்தேன். அதுவும் ஆடுகிறது. சின்னச் சின்னதாக, விடாமல். “ஏரியில நிலநடுக்கமா?” என்று அவர் சிரித்தார். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்பது நாத்தனார் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது. கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன்.

மார்ச் 12, செவ்வாய்

கடையில் சண்டைக்குத்தான் போனேன். கடைக்காரர் கேமராவை ஒரு கையில் பிடித்து எதிர்க்கடைப் பலகையை அரை நிமிடம் எடுத்தார். கணினியில் போட்டார். எழுத்து சிலைபோல நின்றது. “இப்ப நீங்க எடுங்க” என்றார். எடுத்தேன். அதே பலகை, அதே வெளிச்சம். எழுத்தெல்லாம் நடுங்கியது.

அவர் திரையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, “படியேறி வந்தீங்கல்ல, மூச்சு வாங்குது” என்றார்.

கடை தரைத்தளத்தில் இருக்கிறது.

மார்ச் 13, புதன்

அம்மாவுக்கும் வலது கையில்தான் நடுக்கம் ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னபோது அம்மாவுக்கு ஐம்பத்தொன்று. யாராவது வந்தால் அந்தக் கையைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொள்வாள். பதினோரு வருடம். கடைசி நான்கு வருடம் நான்தான் ஊட்டிவிட்டேன்.

எனக்கு நாற்பத்தாறு.

வேண்டாம். இதை எழுத வேண்டாம்.

மார்ச் 19, செவ்வாய்

மேல் முன்பல் ஒன்றை மெழுகில் செதுக்கிக்கொண்டிருந்தேன். ஓரம் சரிந்துவிட்டது. திரும்பச் செய்தேன், திரும்பச் சரிந்தது. பதினெட்டு வருடத்தில் ஒரு பல்லை மூன்று தடவை செய்தது இன்றுதான். முன்பல் என்றாலே முதலாளி என் மேஜைக்குத்தான் அனுப்புவார். “தோள்பட்டை வலி சார், கொஞ்ச நாள் அச்சு வார்க்கற வேலை பார்க்கறேனே” என்றேன். மாவைக் குழைத்து ஊற்றுகிற வேலை, கை நடுங்கினால் ஒன்றும் ஆகாது. தலையாட்டினார். என் கையிலிருந்து தொழிலே போய்விட்டால் அப்புறம் நான் யார்? வாயைத் திறந்தால் பொய்யாக வருகிறது.

மார்ச் 31, ஞாயிறு

வழி கண்டுபிடித்துவிட்டேன். கேமராவைக் கையில் பிடிப்பதில்லை. கல்மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறேன். படம் அசைவதில்லை. ஆனால் எல்லாவற்றிலும் கால்தான் தெரிகிறது. குழுவில் பதினாலு பேர். யார் எந்தச் செருப்பு என்று இப்போது எனக்கு அத்துப்படி.

ஏப்ரல் 14, ஞாயிறு

“எவ்வளவு சாப்பிட்டாலும் இளைச்சுக்கிட்டே போற. தட்டுல இருக்கறது எங்கதான் போகுது?” என்கிறார் அவர். மலையேறினால் அப்படித்தான் என்றேன். பெருமையாக வேறு சொன்னேன். இப்போதெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தாலே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. பயந்த நெஞ்சு அடிக்காமல் என்ன செய்யும்? அவரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். சொன்னால் அது உண்மையாகிவிடும்போல இருக்கிறது.

ஏப்ரல் 21, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

இறங்கி வரும்போது மற்றவர்களை முன்னே போகவிட்டு நாத்தனார் என் பையைப் பிடித்து நிறுத்தினாள். “அண்ணி, குழுவுக்கு அனுப்ப வாங்கிட்டுப் போன மெமரி கார்டை வீட்டுல போட்டு எல்லா வீடியோவையும் வரிசையாப் பார்த்தேன். ஒரு மாசமா வெறும் செருப்பா வருது. அதுக்கு முன்னாடி எல்லாம் நடுங்குது. கடைக்காரர் எடுத்தது மட்டும் நடுங்கல.”

அந்தப் பலகை வீடியோவை நான் அழிக்கவில்லை. எனக்கு அறிவு இருந்தால்தானே.

கேமரா பழசு என்று இழுத்தேன். “கையை நீட்டுங்க” என்றாள். பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்கிற குரல். நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். “உங்கம்மாவுக்கு வந்ததுன்னு பயப்படறீங்களா?”

நடுப்பாதையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஒன்றரை மாதம் தேக்கி வைத்தது. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அது பெரிய உபகாரம். எழுந்திருக்கும்போது, “புதன்கிழமை அரை நாள் லீவு போடறேன். நீங்களும் போடுங்க, டாக்டர்கிட்ட போகலாம். அண்ணன்கிட்ட முடிவு தெரிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்” என்றாள். அவள் அண்ணன், என் வீட்டுக்காரர். அவரிடம் எதையும் மறைக்கத் தெரியாதவள் அவள்.

ஏப்ரல் 24, புதன்

டாக்டர் பெண்மணி. என்னைவிடச் சின்னவள். கையை நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தாள். தாளின் ஓரம் படபடவென்று அடித்தது. பிறகு கையை மடியில் சும்மா வைக்கச் சொன்னாள். கை அசையாமல் கிடந்தது. நான் இதைக் கவனித்ததே இல்லை. கவனிக்கிற தைரியம் இல்லை.

நாத்தனார் கேட்காமலே ஏரி வீடியோவைக் காட்டினாள். டாக்டர் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

“உங்கம்மாவுக்கு கை சும்மா இருக்கும்போது ஆடுமா, வேலை செய்யும்போதா?”

“சும்மா இருக்கும்போதுதான். மெதுவா. மாத்திரையை உருட்டற மாதிரி.”

“இது வேற மாதிரி இருக்கே. வேகமா, பொடிசா. எடை குறைஞ்சிருக்கா? வேர்க்குதா? நெஞ்சு படபடப்பு?”

ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்ட, நாத்தனார் என்னை முறைத்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் என் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தாள். “தைராய்டா இருக்கலாம். ரிசல்ட் வரட்டும், அதுவரைக்கும் நீங்களா எதையும் முடிவு பண்ணாதீங்க.”

ஏப்ரல் 25, வியாழன்

முடிவு பண்ணாமல் இருப்பது எப்படி என்று அவள் சொல்லித்தரவில்லை.

ஏப்ரல் 27, சனி

தைராய்டுதான். தைராய்டுதான். தைராய்டுதான்.

அளவுக்கு மேல் சுரக்கிறதாம். மாத்திரை உண்டு. கை நடுக்கம் அடங்கிவிடும் என்றாள் டாக்டர். இன்னும் ஆறு மாதம் கவனிக்காமல் விட்டிருந்தால் இதயத்தைப் பதம் பார்த்திருக்கும் என்றும் சொன்னாள். ஒரு வியாதி இருக்கிறது என்று கேட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தவள் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போன உயிர் திரும்பி வந்தது. வெளியே மர நிழலில் நின்று இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கரும்புச்சாறு குடித்தோம். நான் இரண்டு.

“நான் சொன்ன புது மாடலை வாங்கியிருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுல்ல அண்ணி” என்றாள் நாத்தனார். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்டல் பண்ண நல்ல இடம்தான். மனசு வரவில்லை.

அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “ஒன்றரை மாசம் தனியாவா வச்சிருந்த?” என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டே மேல்.

மே 30, வியாழன்

விரல்மேல் தாள் வைத்துப் பார்ப்பது தினசரி வேலையாகிவிட்டது. முந்தின வாரம் லேசாக. இந்த வாரம் இல்லை என்றே சொல்லலாம். சொல்லலாமா? சொல்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

முதலாளியிடம் தோள்பட்டை சரியாகிவிட்டது என்று சொன்னேன். கடைசிப் பொய். ஆறு முன்பல் கொண்ட செட் ஒன்றை என் மேஜையில் வைத்தார். மத்தியானத்துக்குள் முடித்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தவர், “இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். மத்தவங்க பல்லு வச்சா எல்லாம் குதிரை மாதிரியே இருக்கு” என்றார். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

தொங்குபாலம் தாண்டி அக்கரை மேடு வரை ஏறினோம். இதுவரை போனதிலேயே உயரமான இடம். உச்சியில் கேமராவை வலது கையில் பிடித்து நானே எடுத்தேன், கல் தேடவில்லை. பேட்டரி தீரும்வரை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மூவரும் பார்த்தோம். பதினாறு நிமிடம். முக்கால்வாசி என் ஆள்காட்டி விரல். லென்ஸ்மேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. மீதிக் கால்வாசியில் மலைக்கோடு.

அவர் இரண்டாவது நிமிடமே எழுந்து போய்விட்டார். நாத்தனார் நான்கு நிமிடம் தாங்கினாள். “உச்சிக்கு ஏறி விரலைப் படம் புடிச்ச ஒரே ஆள் நீங்கதான் அண்ணி” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நான் பதினாறு நிமிடமும் பார்த்தேன். விரலுக்கு அந்தப் பக்கம் மலை அசையவே இல்லை.