ஆழம் சொல்கிறவர்

மூவார், செப்டம்பர் 1957

கண்ணு,

காஜா பேராங்கில் உன் வீட்டில் பிள்ளைகள் சுகமா? ஏதாவது நடந்தால் படகை விற்றுவிட வேண்டும் என்று எங்களிடம் வாக்கு வாங்கினாய். மற்றவர்கள் சொல்வதற்குமுன் நானே எழுதுகிறேன்.

இரண்டு வருடம் நாங்கள் செப்பனிட்ட படகு சொட்டு நீர்கூட உள்ளே விடவில்லை. மூவார் முகத்துவாரத்தில் மட்டும் சேற்றில் தட்டி நின்றது. வழக்கம்போல நான் முன்னால் நின்று கழியைத் தண்ணீரில் விட்டு ஆழம் சொன்னேன். அப்பா பின்னால் சுக்கான் பிடித்தார்.

"மூணு அடிதான், திருப்புங்க" என்று மூன்று தடவை சொன்னேன். அவர் நேராகவே விட்டார்.

"காத்துல கேக்கல" என்றார்.

அன்று காற்றே இல்லை.

தண்ணீர் ஏறும்வரை உட்கார்ந்து யோசித்தேன். சுதந்திர நாளன்று உன் வீட்டு ரேடியோவில் மெர்டேக்கா முழங்கியபோது, நாமெல்லாம் எழுந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் எழுந்தார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்குத் தோளு வலிக்குது, கழிய நீங்க பிடிங்க" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, சுக்கானை விட்டு எழுந்தார்.

படகை விற்கிற பேச்சு இனி வேண்டாம். இப்போது சுக்கான் என் கையில். அப்பா ஆழம் சொல்கிறார், கரையில் வலை உலர்த்துகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

உன் அம்மா