பொனட்டுக்குள் மஞ்சள் தண்ணீர்

ஆனி 3, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை. பேத்தி அம்முவின் பள்ளிச் சட்டையை அடுப்புக்கு மேல் கட்டி உலர்த்தினேன். புகை வாசம். அதையே போட்டுக்கொண்டு நடந்து போனாள், பிள்ளை.

வேன் இன்னும் அதை விற்ற ஹட்டன் கார் சேலில்தான். போன வாரம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கொட்டகலைக்குப் போகிற வழியில், ஏற்றத்தில் நின்றது. நின்றதுதான். வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை. வாரண்டி ஒரு வருடம். இன்று பதில் வந்துவிட்டது. செய்து தர முடியாதாம். என்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கிற கம்பியூட்டர் பெட்டிக்குள் மஞ்சள் கறையாம். தண்ணீர் இறங்கியிருக்கிறதாம். தண்ணீருக்கு வாரண்டி கிடையாதாம்.

மஞ்சள் எப்படி வந்தது என்று மெக்கானிக் கேட்டானாம். பூஜை போட்ட தண்ணீர் என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"ஏன் தம்பி சொன்னீங்க?"

"கேட்டாங்க, சொன்னேன் அத்த."

இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

குவைத்தில் செல்விக்கு வீட்டு வேலை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து கேட்கிறாள் அந்த வீட்டு மேடம். வேன் ஓடினால் வருவேன், ஓடாவிட்டால் எதை நம்பி வர என்று என் மகள் முந்தாநாள் கேட்டாள். அம்முவுக்கு அம்மா என்றால் போனுக்குள் இருக்கிற முகம்தான்.

வாங்க: உப்பு, தீப்பெட்டி, போனுக்கு ரீலோட்.

ஆனி 4, புதன்

ஹட்டன் போனேன். தனியாக. மாப்பிள்ளை வந்தால் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்.

கார் சேல் முதலாளி கண்ணாடி அறைக்குள். இவனுடைய அப்பாவை எனக்குத் தெரியும். துணிக்கடை வைத்திருந்தபோது தீபாவளிக்கு எனக்கு விற்ற சேலையில் மடிப்புக்குள் கிழிசல். மறுநாளே கொண்டுபோனேன். மடிப்பு கலைந்தால் எடுக்க மாட்டோம் என்றார். மடிப்பைக் கலைக்காமல் கிழிசல் எப்படித் தெரியும்? கத்தரிப்பூ நிறம். அவர் சாவு வீட்டுக்கும் நான் போகவில்லை.

இவனிடம் சொன்னேன். வேன் எடுத்த அன்று பூஜை உங்கள் வாசலில்தான் நடந்தது. பூசாரி நீங்கள் கூப்பிட்ட பூசாரி. பொனட்டைத் தூக்கிப் பிடித்தது நீங்கள். இதுக்குள்ளயும் கொஞ்சம் தெளிங்க சாமி என்று சொன்னதும் நீங்கள்தான்.

சிரித்தான்.

"அம்மா, நான் எத்தன வேனுக்குப் பூஜ போட்டிருக்கேன். இதெல்லாம் ஞாபகம் வச்சிக்கிட்டா இருப்பேன்?"

"நான் வச்சிருக்கேன்."

"உங்க ஞாபகத்த வாரண்டி குடுக்கிற கொழும்பு கம்பெனிக்கு அனுப்ப முடியாதும்மா."

மேசையில் வேலை பார்க்கிற பெண்ணும் சிரித்தாள். நீலச் சட்டை. பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஆனி 5, வியாழன்

காற்று. கூரைத் தகரம் நாளெல்லாம் அடித்துக்கொண்டே.

பூஜையன்று மாப்பிள்ளை வீடியோ எடுத்துச் செல்விக்கு அனுப்பியது நினைவு வந்தது. இவர் போன் உடைந்தபோது எல்லாம் போய்விட்டது. செ. எதையும் அழிக்க மாட்டாள். கேட்டோம். மேடம் தூங்குகிறாள் என்று குசுகுசுவென்று பேசிவிட்டு உடனே அனுப்பினாள்.

தேங்காய், எலுமிச்சம்பழம், என் முழங்கை. பிறகு பொனட். முதலாளியேதான். மோதிரம் போட்ட கை. அவன் குரல், நான் சொன்ன அதே வார்த்தை. பூசாரி வேப்பிலையால் தெளிக்கிறார். பிறகு செம்பைச் சாய்த்து ஊற்றியே விடுகிறார்.

"அத்த, நீங்க சொன்னது அப்படியே இருக்கு."

இருக்காதா.

இன்றைக்கு இரண்டு வாய் கூடச் சாப்பிட்டேன்.

ஆனி 6, வெள்ளி

வீடியோவை முதலாளிக்குக் காட்டினோம். முழுதும் பார்த்தான். மறுக்கவில்லை.

"ஆமாம்மா, நான்தான். கும்பிட்டது நான். வாரண்டி குடுத்தது கம்பெனி. கம்பெனிக்கு சாமியும் இல்ல, பூஜயும் இல்ல."

திங்கட்கிழமை வேனை இழுத்துக்கொண்டு போகச் சொன்னான். இடம் வேண்டுமாம். பிளேன்டீ கொடுத்தார்கள். தொடவில்லை.

பஸ்ஸில் மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். பார்க்காத மாதிரி இருந்தேன்.

சாயந்தரம் செ. போனில் எடுத்தாள். என்னம்மா சொன்னான் என்றாள். சொன்னேன். பிறகு என்ன செய்ய என்றாள்.

"என்னால முடியலடி. உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்."

லைன் அறுந்துவிட்டது. சிக்னல் போனதோ என்னவோ.

ஆனி 7, சனி

எழுத ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் தாய்மார் வந்தார்கள். வேறு வேன் பேசிவிட்டோம், கோவித்துக்கொள்ளாதீர்கள் என்றார்கள். கோவித்துக்கொண்டேன்.

ஆனி 9, திங்கள்

வெயில். வேனை இழுத்துவரப் போனோம்.

கார் சேல் வாசலில் பூஜை. வேன் வாங்க வந்த வட்டகொடைக்காரர்கள். அண்ணன், தம்பி, அவர்கள் அம்மா. வெள்ளை வேன். அதே பூசாரி. அதே மோதிரக் கை பொனட்டைத் தூக்கிப் பிடிக்கிறது. பூசாரி செம்பை எடுத்துவிட்டார்.

குறுக்கே போய் நின்றேன். செம்பைப் பிடித்துக்கொண்டேன். சாமி காரியத்தை நான் தடுத்ததில்லை இதுவரைக்கும்.

"ஊத்த விடாதீங்க. உள்ள தண்ணி பட்டா வாரண்டி இல்லன்னு சொல்றாங்க. எங்க வேன் பின்னால கெடக்கு, போய்ப் பாருங்க."

அந்த அம்மா முதலாளியைத் திரும்பிப் பார்த்தது.

"அப்படியாங்க?"

தம்பிக்காரன் பொனட்டை அவன் கையிலிருந்து வாங்கி மெதுவாக மூடினான். பூத்தட்டில் இருந்த சாவியை எடுக்காமல் அண்ணன்காரன் நின்றான். என் தட்சணையும் போச்சே ஆத்தா என்று பூசாரி காதோடு சொன்னார்.

முதலாளி என்னை உள்ளே கூட்டிப்போனான். பெட்டியை மாற்றித் தருகிறானாம். வியாழன் வந்து ஓட்டிக்கொண்டு போகலாமாம். இனி வாசலில் நின்று பேசக் கூடாதாம். அதை அந்த வட்டகொடை அம்மா முன்னால் வந்து சொல்லுங்கள் என்றேன். வந்து சொன்னான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே மாப்பிள்ளையைச் செ.க்குப் போன் எடுக்கச் சொன்னேன். கையெழுத்துப் போடாதே, வேன் வருகிறது என்றேன்.

"நேத்தே போட்டுட்டேம்மா."

ஏன்டி என்றேன்.

"முடியலன்னு நீ சொன்னியே. நீ அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லையேம்மா."

கொட்டகலை பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததில் வந்தோம்.

ஆனி 12, வியாழன்

தூறல். காலையிலேயே வேன் வந்துவிட்டது. நன்றாக இழுக்கிறது, ஏற்றத்தில் திணறவே இல்லை என்றார் மாப்பிள்ளை. தாய்மார் திரும்பி வந்தார்கள். சரி என்றேன். மறக்க மாட்டேன்.

வேன் வருகிறதே, அம்மா எப்போது என்று அம்மு காலையில் கேட்டாளாம். மாப்பிள்ளை சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டுமாம். பள்ளி விட்டு வரட்டும் என்றேன்.

வேன் மேட்டில் ஏறுகிற சத்தம் கேட்கிறது.